குட்டிக்கு எந்த இருக்கை? (எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு)

அக்கா, 9.12: எல்லோருக்கும் வணக்கம். ஒரு முடிவு சொல்லுங்கள். லண்டன் கால்பந்துக் கிளப் வெஸ்ட் ஹாமின் சீசன் டிக்கெட் (சொந்த மைதானத்தின் லீக் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்) வேண்டுமென்று குட்டி மூன்று வாரமாக என்னை விடுகிறானில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது, கூட ஒரு பெரியவரும் வேண்டும். எந்த விலைக்கு எந்த இடம், அங்கிருந்து என்ன தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தான், 9.15: சனிக்கிழமை நான் கடையில் நிற்க வேண்டும். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பெரிய மாமா, 9.16: நான் இருக்கிறேனே பிள்ளை. நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

லிவர்பூல் தம்பி, 9.24: அக்கா, முதலில் கணக்குப் பாருங்கள். பிரீமியர் லீக்கில் சொந்த மைதானத்தில் 19 ஆட்டங்கள். விலையை 19ஆல் பிரியுங்கள். பிறகு குட்டி உண்மையில் போகக்கூடிய ஆட்டங்களை எண்ணி, அதனாலும் பிரியுங்கள். தொலைக்காட்சிக்காக ஆட்டத்தைத் திங்கள் இரவுக்கு மாற்றிவிட்டால் மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஐந்தாறு ஆட்டம் கைவிட்டுப் போனாலே ஓர் ஆட்டத்தின் விலை எங்கேயோ போய்விடும்.

பெரிய மாமா, 9.31: 2016இல் வெஸ்ட் ஹாம் பழைய மைதானமான அப்டன் பார்க்கை விட்டு ஸ்ட்ராட்ஃபோர்டு அரங்குக்கு மாறியபோது பெரியவருக்கு ஆகக் குறைந்த சீசன் டிக்கெட் 289 பவுண். 16 வயதுக்குக் கீழே 99 பவுண். பிள்ளைக்கு ஓர் ஆட்டம் ஐந்து பவுணும் சில்லறையும்தான். எங்கள் தெருவில் நான்கு பிள்ளைகள் அந்த விலையால்தான் மைதானத்துக்குள் கால் வைத்தார்கள். அதில் இருவர் இன்றைக்கும் போகிறார்கள். பிள்ளையின் டிக்கெட்டில் கை வைக்கக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

லிவர்பூல் தம்பி, 9.35: கை வைத்தார்களே மாமா. 2024-25 சீசனுக்குச் சிறுவர், முதியோர் சலுகையைச் சுருக்கினார்கள்.

பெரிய மாமா, 9.37: ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. பதாகை பிடித்தார்கள், கூட்டம் போட்டார்கள். 2025-26க்குச் சலுகை திரும்பி வந்தது. கேட்டால் கிடைக்கும்.

லிவர்பூல் தம்பி, 9.42: எங்கள் ஊரிலும் அப்படித்தான். 2016 பெப்ரவரி 6, சண்டர்லாண்டுடன் ஆட்டம். எங்கள் ஆன்ஃபீல்ட் மைதானத்தின் புதிய மெயின் ஸ்டாண்டில் ஒரு டிக்கெட்டை 77 பவுணுக்கு விற்கப் போவதாக அறிவித்திருந்தார்கள். சரியாக 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே போனார்கள். அப்போது நாங்கள் 2-0 முன்னணியில். அவர்கள் போன பிறகு இரண்டு கோல் வாங்கி 2-2. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். வென்றுகொண்டிருக்கும் ஆட்டத்தை விட்டுப் போக எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

டோர்ட்முண்ட் சித்தப்பா, 10.03: இங்கே வந்து பாருங்கள். எங்கள் மைதானத்தின் தெற்கு மாடத்தில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றே பார்க்கிறோம். இருக்கை இல்லை, அதனால் விலையும் குறைவு. ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. ரசிகனைக் கேட்காமல் விலையை ஏற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

அக்கா, 10.05: சித்தப்பா, ஒன்பது வயதுப் பிள்ளையை 25,000 பேருக்குள் நிற்க வைப்பதா?

டோர்ட்முண்ட் சித்தப்பா, 10.06: இல்லையம்மா, விலைக்காகச் சொன்னேன். குட்டிக்கு இருக்கைதான் சரி.

லிவர்பூல் தம்பி, 10.09: நின்று பார்ப்பதை இங்கிலாந்தில் எளிதாகப் பேச முடியாது. 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 பேரை இழந்த ஊர் இது. இப்போது தடுப்புக் கம்பியோடு பாதுகாப்பாக நிற்கும் இடங்களை 2022-23 முதல் அனுமதிக்கிறார்கள்.

அக்கா, 10.14: இருக்கைக்கு வாருங்கள். முன்வரிசை நல்லதுதானே? வீரர்களின் முகம் தெரியும் என்று குட்டி சொல்கிறான்.

பெரிய மாமா, 10.22: வேண்டாம் பிள்ளை. ஸ்ட்ராட்ஃபோர்டு அரங்கு ஒலிம்பிக்குக்காக, ஓடுபாதையோடு கட்டியது. ஓடுபாதைக்கு மேலே நகரும் இருக்கைகளைப் போட்டாலும் புல்லுக்கும் நமக்கும் இடைவெளி இருக்கிறது. கீழ்த்தட்டில் சரிவும் குறைவு. முன்னால் இருப்பவர் எழுந்தால் குட்டிக்கு அவருடைய முதுகுதான் காட்சி. கோலுக்குப் பின்னால் பாட்டும் ஆரவாரமும் உண்டு, ஆனால் அங்கே பலர் உட்காரவே மாட்டார்கள். மேல்தட்டின் முதல் சில வரிசைகளைப் பார். மூலைப் பக்கமானாலும் பரவாயில்லை. முழு மைதானமும் ஒரே பார்வையில் விரியும். பின்களம் எப்படி ஒரே கோடாக நகர்கிறது, பந்து இல்லாதவன் எங்கே ஓடுகிறான் என்று பிள்ளை படித்துக்கொள்வான்.

அத்தான், 10.25: தூண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒருமுறை வேறொரு கிளப்பில் எனக்குத் தூணுக்குப் பின்னால் இருக்கை தந்தார்கள். விற்கும்போது சொல்லவில்லை. ஒரு கோலின் பாதி மட்டும்தான் தெரிந்தது, தொண்ணூறு நிமிடமும் கழுத்தை வளைத்துக்கொண்டே இருந்தேன்.

பெரிய மாமா, 10.28: இங்கே தூண் இல்லை. படிதான் அதிகம். என் முழங்காலுக்காக வரிசையின் ஓரத்து இருக்கையாகப் பார்.

லிவர்பூல் தம்பி, 10.30: மாமா, அப்டன் பார்க்கில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

பெரிய மாமா, 10.44: கிழக்குப் பக்கம். எறிபந்து எடுக்க வருபவன் மூச்சு வாங்குவது கேட்கும். ஆனால் 2016 மே 10, கடைசி ஆட்டத்துக்கு எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மைதானம் இருந்த கிரீன் ஸ்ட்ரீட் முழுக்கச் சனம். மான்செஸ்டர் யுனைடெட்டின் பஸ் உள்ளே வர முடியாமல் ஆட்டமே 45 நிமிடம் பிந்தியது. வீட்டில் மாமியும் நானும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். 2-2. படத்தில் பந்து இன்னும் காற்றில் இருக்கிறது, அதற்குள் ஜன்னல் வழியே பெரும் சத்தம் வந்துவிட்டது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. பிறகுதான் வின்ஸ்டன் ரீட் தலையால் அடித்தது தெரிந்தது. 3-2. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு ஒப்சைட் என்றால் என்னவென்றே தெரியாது.

அக்கா, 10.46: எனக்கு இது தெரியாதே மாமா.

பெரிய மாமா, 10.48: அவள் போன பிறகு நான் யாரோடும் ஆட்டத்துக்குப் போகவில்லை.

அத்தான், 10.55: நான் ஒன்று சொல்கிறேன். முதலில் ஒரே ஓர் ஆட்டத்துக்கு, அந்த மேல்தட்டு மூலையிலேயே, இரண்டு டிக்கெட் எடுப்போம். குட்டிக்குத் தெரிகிறதா, மாமாவால் படி ஏற முடிகிறதா என்று பார்த்துவிட்டு சீசனுக்குப் பணம் கட்டலாம். பணம் என் பொறுப்பு.

லிவர்பூல் தம்பி, 10.57: நல்ல யோசனை அத்தான். இருக்கையிலிருந்து ஒரு படம் எடுத்து இங்கே போடச் சொல்லுங்கள்.

அக்கா, 11.02: படிவத்தைத் திறந்துவிட்டேன். முதியோர் விலைக்கு வயது கேட்கிறார்கள். மாமா, உங்கள் பிறந்த திகதியை அனுப்புங்கள். குட்டி பக்கத்திலேயே நிற்கிறான், வரிசை எண்ணை அவனே தெரிவு செய்வானாம்.

பெரிய மாமா, 11.03: அனுப்புகிறேன். ஓரத்து இருக்கை எனக்கு. அதை மட்டும் அவனுக்குச் சொல்லிவிடு.