பொருளாதாரம் வளர்ந்தால் வேலையின்மை குறையுமா?

கதிரவன்: வளர்ச்சி வந்தால் வேலை தானாக வரும் என்பதை இனியும் விதியாகச் சொல்ல முடியாது. வேலையின்மை விகிதம் ஒரு விழுக்காட்டுப் புள்ளி குறைய நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 3 விழுக்காடு கூட வேண்டும் என்று பொருளியலாளர் ஆர்தர் ஓக்கன் 1962இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டார். ஆனால், 2009இல் ஜெர்மனியின் உற்பத்தி 5 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தும் வேலையின்மை பெரிதாக ஏறவில்லை. ஸ்பெயினில் சரிவு 4 விழுக்காட்டுக்குள்தான். வேலையின்மையோ 2007இல் 8 விழுக்காடாக இருந்தது, இரண்டே ஆண்டுகளில் 18ஐ எட்டியது.

மலர்விழி: எண்கள் சரி, அவற்றிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவை ஏற்க முடியவில்லை. வளர்ச்சிக்கும் வேலையின்மைக்கும் உள்ள உறவின் அளவு நாட்டுக்கு நாடு மாறுகிறது என்பது வேறு, உறவே இல்லை என்பது வேறு. ஸ்பெயினில் 2013இல் 26 விழுக்காடாக இருந்த வேலையின்மை, வளர்ச்சி திரும்பிய பிறகுதான் 2019இல் 14 விழுக்காட்டளவுக்கு இறங்கியது.

கதிரவன்: அந்த அளவை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே என் கேள்வி. ஜெர்மன் ஆலையில் ஐந்து நாள் வேலை மூன்று நாளாகச் சுருங்கியபோது, இழந்த நிகர ஊதியத்தில் 60 விழுக்காட்டையும், குழந்தை உள்ளவருக்கு 67 விழுக்காட்டையும் அரசின் வேலைவாய்ப்பு முகமை ஈடுசெய்தது. தொழிலாளியின் பெயர் ஆலையின் பதிவேட்டிலேயே இருந்தது. ஸ்பெயினில் ஊழியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்ததால், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலே அவர் வேலை இழந்தவராகிவிட்டார். அதே ஸ்பெயின் 2020இல், பணியை நிறுத்திவைத்து ஊதியத்தில் பெரும்பகுதியை அரசு ஏற்கும் திட்டத்தை விரிவுபடுத்தியது. உற்பத்தி ஏறத்தாழ 11 விழுக்காடு வீழ்ந்த அந்த ஆண்டில் வேலையின்மை 15.5 விழுக்காட்டோடு நின்றது.

மலர்விழி: இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், பெருந்தொற்று தணிந்ததும் உணவகங்கள் மீண்டும் திறந்தன. ஸ்பெயினில் 2008க்குப் பின் நின்றுபோன கட்டுமானத் தளங்கள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. கட்டப்படாத வீட்டுக்குக் கொத்தனாரை எத்தனை ஆண்டுகள் பதிவேட்டில் வைத்திருக்க முடியும்? அவருக்கு வேறு துறையில் வேலை பிறக்க வேண்டும், அதற்கு வளர்ச்சிதான் வேண்டும்.

செழியன்: இருவரும் செல்வந்த நாடுகளைப் பற்றியே பேசுகிறீர்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுப்பு வாரத்தில் ஊதியத்துக்கோ இலாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்தவரும் வேலையில் உள்ளவரே. வேலையின்மை உதவித்தொகை இல்லாத நாட்டில் சும்மா இருக்க ஏழைக்கு வசதி கிடையாது. ஆலை மூடியதும் அவர் தெருவோரம் எதையாவது விற்கத் தொடங்குகிறார். அவருடைய வருமானம் பாதியானாலும் வேலையின்மை விகிதம் அசைவதில்லை. அங்கே அந்த விகிதத்தை விட்டுவிட்டு, வேலை நேரத்தையும் கூலியையும்தான் வளர்ச்சியோடு ஒப்பிட வேண்டும்.