1400 பைட்டுக்குள் ஒரு ரயில் அட்டவணை

2000-ல் எனக்குக் கிடைத்த முதல் வாப் (அன்றைய செல்போன்களில் இணையம் பார்க்கும் முறை) வேலை, ஒரு ரயில் நேர அட்டவணை. இணையதளத்தில் இருந்ததை "அப்படியே போனுக்கும் போட்டுவிடுங்கள்" என்றுதான் கொடுத்தார்கள். சோதனைக்கு வாங்கிய நோக்கியா 7110-ஐக் கையில் எடுத்ததுமே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. திரை மொத்தமே 96-க்கு 65 புள்ளி. கறுப்பைத் தவிர வேறு நிறம் கிடையாது.

வாப் பக்கங்களை எழுதும் மொழியான டபிள்யூஎம்எல்லில் ஒரு திரைக்குக் கார்டு என்று பெயர். சில கார்டுகள் சேர்ந்தது ஒரு டெக். சர்வர் அனுப்பும் டெக்கை நடுவில் இருக்கும் கேட்வே என்ற இடைக்கணினி பைட்கோடாக, அதாவது குறுகிய குறியீடாக, சுருக்கிப் போனுக்குத் தரும். சுருக்கிய பிறகும் சுமார் 1400 பைட்டைத் தாண்டினால் அந்தப் போன் வாங்கிக்கொள்ளாது. கணினியில் போனைப் போல நடிக்கும் எமுலேட்டர் எதையும் காட்டும், அதை நம்பி நான் இரண்டு வாரம் வீணடித்தேன். சர்வரில் டபிள்யூஎம்எல்லுக்கான மைம் வகையை, அதாவது இது எந்த வகைக் கோப்பு என்று சொல்லும் குறிப்பை, சேர்க்காததால் ஒருநாள் போனது. கட்டணத்தில் டாலர் குறி போட்டதால் இன்னொரு நாள்: அங்கே அந்தக் குறி மாறிக்கு (நிரலில் மதிப்பு மாறும் பெயருக்கு) உரியது, இரட்டித்து எழுதினால்தான் எழுத்தாக வரும்.

நான் இன்றும் மறக்காதது வேறு. கணக்குப் பிரிவில் இருந்த அக்கா ஒருவரிடம் போனைக் கொடுத்து, மாலை 5.47-க்கு மேல் என்ன ரயில் என்று பார்க்கச் சொன்னேன். 1747 என்று அடிக்க வேண்டும். நேரத்தை அடிக்கும் பெட்டி, எண் முறையில் இல்லாமல் எழுத்து முறையில் திறந்திருந்தது. 7 வேண்டுமென்றால் பி, க்யூ, ஆர், எஸ் நான்கையும் தாண்டி ஐந்தாவது அழுத்தில்தான் வரும். ஒரு அழுத்து கூடிவிட்டால் மறுபடி பி-யிலிருந்து. அழுத்திப் பிடித்தால் எண் வரும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கட்டை விரல் வலிக்கிறது தம்பி என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலையே உள்ளீட்டுப் பெட்டியில் "நான்கு இலக்கம் மட்டும்" என்ற வடிவக் குறிப்பைச் சேர்த்தேன். நிரலில் ஒரே சொல். மறுநாள் நான்கே அழுத்தில் முடித்துவிட்டு, "இப்போ சரி" என்றார்.

அப்போது வாப் இணைப்பு பெரும்பாலும் டயல் செய்து எடுப்பது. நொடிக்கு 9.6 கிலோபிட், கட்டணம் நிமிடக் கணக்கில். பயனர் யோசிக்கிற நேரத்துக்கும் மீட்டர் ஓடும். அதனால்தான் முதல் கார்டில் லோகோ வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தேன். 64-க்கு 20 புள்ளிப் படம் 160 பைட்தான், ஆனால் அதற்காகப் போன் இன்னொரு முறை போய்வர வேண்டும். வரவேற்பு வாசகத்தையும் எடுத்தோம். தேடினால் அடுத்த மூன்று ரயில்கள், வரிக்கு ஒன்று: "17.52-18.40". நிலையங்களின் பெயர்களைப் பக்கத்தின் இணைய முகவரியிலேயே வைத்ததால், தினமும் போகிறவர்கள் அந்த விடையை அப்படியே புக்மார்க் செய்துகொண்டார்கள். நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பதில்:

நான் அந்தச் சமயம் ஜப்பானில் ஐ-மோடு என்ற செல்போன் இணையச் சேவைக்குப் பக்கங்கள் செய்துகொண்டிருந்தேன். அந்நாட்டு செல்போன் நிறுவனம் டோகோமோ அதை 1999 பிப்ரவரியில் தொடங்கியது. எங்களுக்கு டெக், கார்டு தொல்லை இல்லை. வழக்கமான இணையப் பக்க மொழியான எச்டிஎம்எல்லின் சிறு வடிவம், தெரிந்த குறிச்சொற்களே. கட்டணமும் நேரத்துக்கு இல்லை, 128 பைட் பாக்கெட் (தரவுத் துண்டு) ஒன்றுக்கு 0.3 யென். 2,000 பைட் பக்கம் என்றால் 16 பாக்கெட், கிட்டத்தட்ட 5 யென். நாம் எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் படிப்பவர் காசு கொடுக்கிறார் என்பது கண்முன்னே நிற்கும். கடகனா என்ற ஜப்பானிய எழுத்துகளை அரை அகலத்தில் போட்டால் எழுத்துக்கு ஒரு பைட், முழு அகலம் என்றால் இரண்டு. அதற்காகவே தலைப்புகளைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதியிருக்கிறேன். மெனு வரிகளுக்கு 1, 2, 3 என்று விசை ஒதுக்கிவிட்டால் உருட்டவே வேண்டாம், அந்த எண்ணை அழுத்தினால் போதும். 12-க்கு 12 புள்ளியில் வந்த படக்குறிகளும் பெரிய உதவி: வானிலைக்கு ஒரு சூரியன், ஒரு குடை, வேலை முடிந்தது.

பதில்:

லோகோ விஷயத்தில் நீங்கள் பிடிவாதம் பிடித்தது சரிதான். என் பங்குக்கு ஒன்று. 7110-ல் "திரும்பு" தானாக வராது, ஒவ்வொரு கார்டிலும் நாம்தான் எழுதிவைக்க வேண்டும். நான் சோதித்த எமுலேட்டரில் அது தானாகவே இருந்தது, அதனால் விட்டுவிட்டேன். செய்திச் சேவை வெளியான அன்று, உள்ளே போனவர்களுக்குத் திரும்ப வழியில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி டயல் செய்து முதலிலிருந்து வந்திருக்கிறார்கள், நிமிடக் கட்டணத்தோடு. இரவு முழுக்க உட்கார்ந்து எல்லாக் கார்டுகளிலும் அந்த ஒரு வரியைச் சேர்த்தோம். அதன்பிறகு புதுக் கார்டு எழுத உட்கார்ந்தால், உள்ளடக்கத்துக்கு முன்பே "திரும்பு" வரியைத்தான் முதலில் அடிப்பேன்.