வாடகை வீட்டின் பின்வளவில் ஓர் அறையும் மலசலகூடமும்: மேசன் பாஸ் சொல்வது சரியா?

வெள்ளவத்தை டீச்சர்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அப்பா வாங்கிப்போட்ட சிறிய வீடு இருக்கிறது. 5 பேர்ச் காணி, ஏறக்குறைய 1,360 சதுர அடி. ஹோல், இரண்டு அறைகள், குசினி. மலசலகூடம் வீட்டுக்கு வெளியே, பின்வளவின் இடது மூலையில். அப்பா காலத்தில் அதை வீட்டுக்குள் கொண்டுவர யாரும் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் நல்ல மனிதர்கள். மாதம் பிறந்தால் வாடகை கேட்காமலே வந்துவிடும். அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் மாமியார் முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து திருகோணமலையிலிருந்து இவர்களோடு வந்து தங்கப் போகிறார். இரவில் மழைக்குள் முற்றம் தாண்டிப் போக அவரால் முடியாது. பின்னால் ஓர் அறையும் ஒட்டினாற்போல் மலசலகூடமும் கட்டித் தந்தால் செலவில் பாதியைத் தாங்களே போடுவதாகவும், அதை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் கேட்கிறார்கள். கனடாவிலிருக்கும் என் தம்பியோ இடித்துவிட்டு மூன்று மாடி கட்டு என்கிறான். அவனுக்கு வாய்தான் செலவு, எனக்கு ஓய்வூதியம்.

மேசன் பாஸ் வந்து பார்த்தார். நாடாவை எடுக்கவே இல்லை; "நோனா, லேசான வேலை" என்று சொல்லிவிட்டு நிலத்தில் செங்கல் துண்டால் கோடு கிழித்தார். வீட்டின் பின்சுவரை ஒட்டி, இந்த மதிலிலிருந்து அந்த மதில்வரை ஒரே நீளமாக அறை. பழைய குழாய் இருப்பதால் மலசலகூடம் அதே இடது மூலையில். அவர் போனபிறகு அந்தக் கோட்டுக்குள் நின்று திரும்பிப் பார்த்தேன். குசினி யன்னலும் இரண்டாவது அறையின் யன்னலும் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் அயலவர் மதில். இந்த இரண்டு யன்னல்களையும் விட்டால் அந்த வீட்டின் பின்பாதிக்கு வெளிச்சம் வர வேறு வழியே கிடையாது.

பின்வளவு 22 அடி அகலம், 24 அடி நீளம். இதற்குள் வேறு விதமாகக் கட்ட முடியுமா? மாநகர சபை அனுமதி வேண்டுமா? வாடகைக் கழிவை எப்படி எழுதிக்கொள்வது?

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்

டீச்சர், பாஸ் கிழித்த கோட்டை முதலில் அழித்துவிடுங்கள். ஓர் அறை கட்டப்போய் இரண்டு அறைகளைக் குருடாக்கும் வேலை அது. கொழும்பில் பழைய வீடுகளின் பின்னால் இப்படி ஒட்டிக்கட்டியவற்றை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். பகலிலும் லைட் எரியும், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், அலுமாரியிலிருக்கும் உடுப்பு நாறும். அதன்பிறகு வாடகையைக் கூட்டிக் கேட்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

அறையைப் பற்றி யோசிப்பதற்கு முன் மேன்ஹோலைத் தேடுங்கள். கொழும்பு நகருக்குள் கழிவுநீர்க் குழாய்த்தொகுதி இருப்பதால் உங்கள் வீட்டில் மலக்குழி இருக்க வாய்ப்புக் குறைவு. பழைய குழாய் எங்கோ ஒரு மூடியின் கீழ் வந்து சேரும். அதைத் திறந்து ஆழத்தை அளந்து பாருங்கள். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடி ஓட்டத்துக்கு ஓர் அடி இறக்கம் கொடுப்பது வழக்கம். அதாவது 20 அடி தள்ளிக் கொமட் வைத்தால், குழாய் மேன்ஹோலுக்கு வரும்போது 6 அங்குலம் கீழே இறங்கியிருக்க வேண்டும். அந்த ஆழம் இல்லையென்றால் மலசலகூடத்தின் தளத்தை உயர்த்த வேண்டும். முழங்கால் வலிக்காரருக்குப் படி வைத்துக் கொடுப்பதில் என்ன பிரயோசனம்? ஆகவே கொமட் மேன்ஹோலுக்குப் பக்கத்தில் வரட்டும். அறை அதற்கேற்ப நகரட்டும். புதிய அறையின் தளத்துக்குக் கீழே பழைய குழாய் ஓட விடவே கூடாது. அடைத்துக்கொண்டால் டைல்ஸைத்தான் உடைக்க வேண்டிவரும்.

கூரைத் தண்ணீரை அந்த மேன்ஹோலில் விடாதீர்கள். பாஸ்மார் பலர் சுருக்கு வழி என்று அப்படித்தான் இணைப்பார்கள். கழிவுநீர்க் குழாய் மழைநீருக்காகப் போட்டது அல்ல. பெருமழையில் அது நிறைந்து கொமட் வழியாக மேலே வரும். மலசலகூடத்திலிருந்து கூரைக்கு மேல்வரை ஒரு காற்றுக் குழாய் போடச் சொல்லுங்கள். பாஸ் அதை வீண்செலவு என்பார். விடாதீர்கள்.

அனுமதி கட்டாயம் வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள்தான் அளவுகோல். விண்ணப்பம் மாநகர சபைக்குப் போகும். பின்னெல்லையில் திறந்தவெளி விடச் சொல்வார்கள், பின்மதில்மேல் கூரையை ஏற்றிவைக்க முடியாது. தகுதியுள்ள ஒருவரிடம் வரைபடம் கீறி ஒப்பமிட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும், அனுமதித்தபடிதான் கட்டியிருக்கிறது என்று தரும் இணக்கச் சான்றிதழையும் எடுத்துவிடுங்கள். நாளைக்கு விற்கப்போனாலோ வங்கியில் ஈடு வைக்கப்போனாலோ முதலில் கேட்பது அதைத்தான்.

கடலுக்குப் பக்கம் என்பதால் இன்னொன்று. கொங்கிறீட்டுக்குள் கம்பி வெளிப்பரப்புக்கு நெருங்கி நிற்கக்கூடாது. உப்புக்காற்று உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால் கதவு யன்னலுக்கு மேலிருக்கும் லின்டல் பிளந்துகொண்டு வரும்.

கொட்டாஞ்சேனை நடா

கட்டடத்தைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார். நான் காசு விஷயம் சொல்கிறேன், அக்கா.

வாடகைக்காரர் பாதி போடுகிறார் என்றவுடன் சந்தோஷப்படாதீர்கள். அது உங்களுக்குக் கிடைக்கும் உதவியல்ல, நீங்கள் வாங்கும் கடன். கழிந்து முடியும்வரை அவரை எழும்பச் சொல்ல உங்களுக்கு வாய் வராது, அவருக்கும் போக மனம் வராது. இரண்டு பக்கமும் நல்ல மனிதர்களாக இருக்கும்போதுதான் எழுத்து வேண்டும். நம் நாட்டில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம் அப்படிச் சொல்கிறது. கொப்பித்தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தால் போதும் என்று ஊரில் சொல்வதை நம்ப வேண்டாம்.

அதில் எழுத வேண்டியது: அவர் போட்ட தொகை, மாதம் எவ்வளவு கழியும், கழிந்து முடியுமுன் அவர் போனால் மிச்சத்துக்கு என்ன, நீங்கள் வீட்டைக் கேட்டால் என்ன. கட்டடம் முழுவதும் உங்களுடையது என்ற வரியும் இருக்கட்டும். சாமான் பில்கள் உங்கள் பெயரில் வரட்டும். பாஸுக்குக் காசை நீங்களே கொடுங்கள். இரண்டு எசமான்கள் இருந்தால் பாஸுக்குக் கொண்டாட்டம்.

என்னைக் கேட்டால், கையில் இருப்பதற்கு மலசலகூடத்தை மட்டும் இப்போது சொந்தக் காசில் கட்டிவிட்டு, அறையைப் பிறகு பார்க்கலாம்.

தெஹிவளை வாடகைவாசி

நான் மறுபக்கத்தில் இருப்பவள். எங்கள் மாமியும் கைத்தடியோடுதான் நடக்கிறார், அதனால் சொல்கிறேன்.

மலசலகூடக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடம்பே அடைத்துக்கொள்ளும். கொமட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பிடிகம்பி வேண்டும். 4½ அங்குலச் சுவரில் ஒருவரின் பாரத்தைத் தாங்கும்படி அதைப் பிறகு இறுக்குவது கஷ்டம், எனவே கட்டும்போதே பாஸிடம் இடத்தைக் காட்டிவிடுங்கள். தரைக்கு வழுவழுப்பான டைல்ஸ் வேண்டாம். லைட் சுவிட்ச் கட்டிலிலிருந்து எட்டும் இடத்தில் இருந்தால் அந்த அம்மா உங்களை வாழ்த்துவார்.

புதியது பாவனைக்கு வரும்வரை பழைய மலசலகூடத்தில் கைவைக்கவும் விடாதீர்கள். பாஸ் முதல்நாளே அதைத்தான் உடைக்கப் பார்ப்பார். குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் எங்கே போகும்?

கொட்டாஞ்சேனை அண்ணா அறையைப் பிறகு பார்க்கலாம் என்கிறார். அதுவரை அந்த அம்மா ஹோலில், வருவோர் போவோர் முன்னால் படுத்துக் கிடப்பதா? சேர்த்துக் கட்டுவதுதான் முறை.

வெள்ளவத்தை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. மேன்ஹோல் அகப்பட்டது. குசினிச் சுவரோரம், வலது பக்கத்தில், உடுப்புத் தோய்க்கும் கல்லுக்குக் கீழே மூடி இருந்தது. பாஸ் சொன்ன மூலைக்கு நேர் எதிர்ப்பக்கம்.

ஐயா சொன்னபடி பார்த்தால் கட்டடம் வலது பாதிக்குப் போகிறது. இடது பாதி மதில்வரை திறந்த முற்றமாகவே இருக்கும், இரண்டாவது அறையின் யன்னல் தப்பும். குசினிக்குப் பின்னால் 4 அடி அகலத்தில் கூரை மட்டும் போட்டு, முற்றத்துப் பக்கம் சுவரில்லாமல் விட்டால் குசினிக்கும் வெளிச்சம் வரும், அந்த அம்மாவும் நனையாமல் நடக்கலாம். அதைத் தாண்டி மலசலகூடமும் அறையும், அறையின் யன்னல் முற்றத்தைப் பார்த்தபடி. மாமியாருக்குக் கிடைப்பது சின்ன அறைதான். அதை வாடகைக்கு இருக்கும் பிள்ளையிடம் சொன்னேன். கட்டிலும் ஒரு கதிரையும் கொள்ளுமா என்று மட்டும் கேட்டாள்.

அவர்களுடைய பாதிக் காசை வாங்கப் போவதில்லை. சேமிப்பிலிருந்து எடுத்து நானே கட்டுகிறேன், அனுமதி கையில் வந்தபிறகு. வாடகையைக் கொஞ்சம் கூட்டுவேன், அதை இப்போதே நொத்தாரிசிடம் எழுதிக்கொள்வோம்.

ஐயா, ஒரு கேள்வி மிச்சம். அந்த 4 அடிக்கு அஸ்பெஸ்டஸ் தகடு போடச் சொல்கிறார் பாஸ். சரியா?

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்

வேண்டாம். தகட்டை வெட்டும் தூசு நுரையீரலுக்குக் கூடாது, அதுவும் குசினி வாசலில். அஸ்பெஸ்டஸ் அல்லாத தகடுகளுக்கிடையே ஒளி புகும் தகட்டை ஒன்றுவிட்டொன்றாகப் போடுங்கள். சரிவு முற்றத்துப் பக்கம் இருக்கட்டும், அயலவர் மதில் பக்கம் அல்ல. பீலியையும் மறக்க வேண்டாம்.