ஹிப்னாடிசம் செய்து சிகரெட்டை விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் கிராமம், வயது 41. ஆறு ஏக்கர் சாகுபடி, மன்னார்குடியில் டிராக்டர் உதிரிபாகக் கடை. காலேஜில் பிடித்த சிகரெட், 22 வருடம் ஆகிவிட்டது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, அறுவடை சமயத்தில் கணக்கே கிடையாது. போன மாதம் வாய்க்காலில் அடைப்பு எடுக்க மண்வெட்டியால் பத்து வெட்டுதான் வெட்டியிருப்பேன், மூச்சு வாங்கி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வயல்காரருக்கு 60 வயது தாண்டிவிட்டது, அவர் வந்து மீதியை வெட்டிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது.

இதற்கு முன்னால் மூன்று தடவை விட்டுப் பார்த்தேன், இரண்டு தடவை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆனால் சபரிமலைக்கு மாலை போட்ட 48 நாளும் ஒன்றுகூடக் குடிக்கவில்லை, பெரிய கஷ்டமாகவும் தெரியவில்லை. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டீக்கடையில் பத்தவைத்தாயிற்று. இது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்போது வீட்டில் தஞ்சாவூரிலிருந்து ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஹிப்னாடிசமாம், ஒரே சிட்டிங்காம், சிகரெட்டை மறக்கடிப்பார்களாம், கியாரண்டியாம். போன் செய்தால் 6,000 ரூபாய் என்கிறார்கள். இது உண்மையிலேயே வேலை செய்யுமா? இன்னொன்று, அந்த மயக்கத்தில் எதையாவது உளறிவிடுவேனா? வீட்டுக்குத் தெரியாத நகைக்கடன் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, சிரிக்காதீர்கள்.

---

எடைமேடை:

நான் செய்துகொண்டேன், திருச்சியில், மூன்று வருடம் முன்னால். முதலில் நகைக்கடனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், உளற மாட்டீர்கள். ஊசி, மருந்து எதுவும் கிடையாது, தூங்கவும் மாட்டீர்கள். ஹிப்னாடிசம் செய்கிறவர் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார், மூச்சை எண்ணச் சொன்னார், அப்புறம் ஒரு படிக்கட்டில் பத்துப் படி மெதுவாக இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குத் திருவையாறு படித்துறைதான் வந்தது, ஆடிப்பெருக்குக்குத் தண்ணீர் நிற்குமே அது மாதிரி. ஏழாவது படியில் கால் நிஜமாகவே ஜில்லென்றது. அதே நேரத்தில் வெளியே யாரோ ஆட்டோவை ரிவர்ஸ் எடுக்கிற சத்தமும் கேட்டது, வண்டியை நிழலில் விட்டோமா இல்லையா என்ற யோசனையும் ஓடியது. வேண்டாம் என்று தோன்றியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். மேடையில் ஆளை வரவழைத்துக் கோழி மாதிரி கூவ வைப்பது வேறு ஆட்டம்.

நம் ஆட்களுக்கு மனோவசியம் என்றதும் கண்ணைப் பார்த்து மடக்குவது என்ற நினைப்பு. அது பதினெட்டாம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற டாக்டர் காலத்துக் கதை. உடம்புக்குள் ஏதோ காந்த சக்தி ஓடுகிறது, அதைத் தன்னால் திருப்பிவிட முடியும் என்று அவர் பாரிஸில் கூட்டம் சேர்த்தார். 1784-ல் பிரான்ஸ் மன்னர் ஒரு குழு போட்டார், பெஞ்சமின் பிராங்க்ளின், லவாய்சியர் மாதிரி பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் அதில் இருந்தார்கள். சோதித்துப் பார்த்துவிட்டு, காந்தமும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் கற்பனை செய்கிற வேலை என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும். ஆளைத் திட்டுவதுபோல இருந்தாலும், கற்பனையால் அவ்வளவு செய்ய முடியும் என்பதையும் அதிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள்.

சிகரெட்டுக்கு என்றே இதைச் செய்து பெயர் வாங்கியவர் நியூயார்க் மனநல மருத்துவர் ஹெர்பர்ட் ஸ்பீகல். 1970-ல் ஒரே அமர்வு முறை என்று எழுதினார். ஆளை அந்த நிலைக்குக் கொண்டுபோய் அவர் சொல்லிக்கொடுத்தது மூன்றே விஷயம். புகை உன் உடம்புக்கு விஷம், வாழ்வதற்கு உனக்கு இந்த உடம்பு வேண்டும், அதனால் அதை மதித்துக் காப்பாற்ற வேண்டியவன் நீ. இதை வீட்டில் தானாகவே திரும்பத் திரும்பச் செய்துகொள்ளவும் பழக்கிவிட்டார். அப்படியும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது குடிக்காமல் இருந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். அவரே அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார், உங்கள் நோட்டீஸ்காரர் கியாரண்டி போடுகிறார்.

என் கதைக்கு வருகிறேன். முதல் ஐந்து வாரம் அருமையாகப் போனது. அப்புறம் மைத்துனர் வீட்டில் ஒரு சாவு. வாசலில் சாமியானா, வாடகை நாற்காலி, பறை அடிக்கிறார்கள், ஆண்கள் எல்லாம் வெளியே. பக்கத்தில் இருந்தவர் பாக்கெட்டை நீட்டினார். நான் எடுத்தது எனக்கே தெரியாது, இரண்டாவது இழுப்பில்தான் தெரிந்தது. அன்று ராத்திரி யோசித்தால், அந்த அமர்வில் காபி, சாப்பாடு, பைக் என்று எல்லாவற்றையும் பேசினோம், துக்க வீட்டைப் பற்றி அந்தத் திருச்சிக்காரரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அதற்கப்புறம்தான் ஒழுங்காக ஒரு வேலை செய்தேன். ஒரு பேப்பரை மடித்து சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, பத்தவைப்பதற்கு முன்னால் நேரம், இடம், பக்கத்தில் யார் என்று மூன்று வார்த்தை எழுதினேன். நான் அரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறேன். ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் ‘எடைமேடை’, ‘எடைமேடை’ என்று இருக்கிறது. லோடு இறங்கி, எடைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும் ஒன்று. வேண்டும் என்று தவித்துக் குடித்தது காலையில் முதலாவதும் சாப்பாட்டுக்குப் பின்னாலும்தான். மற்றதெல்லாம் சீட்டு கிழிப்பதற்கு வால் மாதிரி வந்தது. அதனால் ராத்திரி படுக்கும்போது அவர் சொல்லிக்கொடுத்தபடியே கண்ணை மூடிப் படி இறங்கி, சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நேராகத் தண்ணீர்ப் பானைக்குப் போகிற மாதிரி ஓட்டிப் பார்ப்பேன். துக்க வீட்டையும் சேர்த்துக்கொண்டேன், பாக்கெட் நீட்டுகிறார்கள், நான் ‘விட்டுட்டேங்க’ என்று சொல்கிறேன். கேட்பதற்குக் கோமாளித்தனமாக இருக்கும். இரண்டரை வருடம் ஆகிறது, தொடவில்லை.

மாலை போட்ட 48 நாள் ஏன் கஷ்டமில்லை என்றால், அந்த 48 நாள் நீங்கள் வேறு ஆள். விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல், வேறு வேட்டி, கட்டின மனைவி முதல் கண்டக்டர் வரை ‘சாமி’ என்கிறார்கள், பெட்டிக்கடைக்காரரே உங்களுக்குக் கொடுக்கக் கூசுவார். மாலை கழன்றதும் பழைய ஆள் பழைய பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். என்னைக் கேட்டால் நம் ஊரில் அதைவிடப் பெரிய ஹிப்னாடிசம் கிடையாது.

---

பழைய பீடி:

தம்பி, 34 வருடம் பீடி குடித்தவன் நான். 2016-ல் விட்டேன், ஒரு வைத்தியமும் கிடையாது. மனசு வைத்தால் போதும். எங்கள் தெருக் கடையில் தேங்காய் நார்க் கயிறு தொங்கும், நுனியில் நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும், அந்த வாசனைக்கே வாய் ஊறும். அதனால் ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை, மேலத்தெரு சுற்றிக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போவேன். இதற்கெல்லாம் எதற்கு 6,000? இப்போது வெற்றிலை சீவலோடு கொஞ்சம் போயிலை, அவ்வளவுதான்.

---

மாயவரத்துக்காரி:

ஐயா, தெருவை மாற்றிக்கொண்டீர்களே, அதுதான் வைத்தியம். மனசு மட்டும் போதும் என்றால் அந்தத் தெருவிலேயே நடந்து காட்டியிருப்பீர்கள். ஆனால் போயிலை விஷயத்தில் கோபம் வருகிறது. பீடியில் புகையாகப் போன அதே நிகோடின் இப்போது கன்னத்தில் அடக்கிக்கொண்ட போயிலையிலிருந்து போகிறது. பாக்கு தனியாகவே வாய்ப்புற்று வரவைக்கும். வாயில் வெள்ளையாகத் திட்டோ, வாய் திறக்கச் சிரமமோ இருந்தால் உடனே காட்டுங்கள்.

கேட்ட அண்ணாவுக்கு. நான் மருந்துக்கடையில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். ஹிப்னாடிசம் பற்றி காக்ரேன் என்ற அமைப்பு 2019-ல் அதுவரை நடந்த 14 ஆய்வுகளை, மொத்தம் 1,926 பேர், சேர்த்துப் பார்த்தது. மற்ற ஆலோசனை முறைகளைவிடவோ, தானாக விடுவதைவிடவோ இது மேல் என்று சொல்லப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். கெடுதல் என்றும் சொல்லவில்லை. ஆசை இருந்தால் செய்துகொள்ளுங்கள், ஆனால் செய்கிறவர் மனநல மருத்துவரா, க்ளினிக்கல் சைக்காலஜி படித்தவரா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இதற்குப் போகவே கூடாது.

எடைமேடை அண்ணா சொன்ன இடம், பழக்கம் எல்லாம் சரி, அதோடு உடம்பு என்று ஒன்று இருக்கிறது. புகையை இழுத்தால் நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது, இத்தனை வருடம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை போயிருக்கிறது. நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம், எரிச்சல், தூக்கமின்மை, பசி எல்லாம் வரும், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு தடவை ஆசை கிளம்பும்போதும் சில நிமிடம்தான் நிற்கும். அந்த நாட்களைக் கடக்க நிகோடின் கம் இருக்கிறது, 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம். வாங்கிப் போகிறவர்களில் பாதிப்பேர் அதை பபுள்கம் மாதிரி மென்றுவிட்டு, விக்கல் வருகிறது, தொண்டை எரிகிறது என்று திரும்பக் கொண்டுவருகிறார்கள். நாலு மெல்லு, சுரீர் என்றதும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும், சுரீர் அடங்கியதும் திரும்ப நாலு மெல்லு. கம் போடுவதற்குக் கால் மணி முன்னால் காபி, டீ, ஜூஸ் வேண்டாம், நிகோடின் உடம்பில் ஏறாது. புப்ரோபியான், வேரனிக்லின் என்று மாத்திரைகளும் உண்டு, அவை டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான்.

காபி என்றதும் இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. சிகரெட் புகையில் இருக்கும் தார் கல்லீரலை முடுக்கிவிட்டு கஃபீனைச் சீக்கிரம் சீக்கிரமாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடும். நீங்கள் வழக்கமாகக் குடிக்கிற அதே நாலு டிகிரி காபி இப்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை காட்டும். கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, சிகரெட் இல்லாமல் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பப் பத்தவைப்பார்கள், செய்தது காபி. முதல் வாரமே பாதியாக்குங்கள்.

அப்புறம் கூச்சப்பட்டுச் சொல்லாத விஷயம், காலையில் சிகரெட் குடித்தால்தான் வெளிக்கு வரும் என்று இருக்கிறவர்கள். அது மனப்பிரமை இல்லை, நிகோடின் குடலைத் தூண்டும். நிறுத்தினால் சில நாள் மலச்சிக்கல் வரத்தான் செய்யும். எழுந்ததும் வெந்நீர், ராத்திரி இரண்டு பூவன் பழம், கீரை. அதற்குப் பயந்து திரும்பப் பிடித்தவர்களை எனக்கே தெரியும்.

6,000 கொடுப்பதற்கு முன்னால் பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356-க்குப் பேசிப் பாருங்கள், காசு கிடையாது, தமிழிலும் பேசுகிறார்கள். 22 வருடமாகக் கையில் வைத்திருக்கிற பாக்கெட், அந்த நம்பரைப் பார்த்திருக்க மாட்டீர்கள்!

---

வெண்ணாற்றங்கரை:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நாற்றங்கால் வேலை. மேட்டூரில் திறந்த தண்ணீர் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை, போர் செட்டை நம்பித்தான் ஓடுகிறது.

நோட்டீஸ்காரருக்குப் போன் செய்து என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். முதலில் பணத்தைப் போடுங்கள், நேரில் பேசலாம் என்றார். விட்டுவிட்டேன்.

பேப்பரில் எழுதினேன். ஒரு வாரத்தில் 83. அதில் 26 ராத்திரி போர் கொட்டகையில், மும்முனை கரண்ட் எப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தபோது. இதை எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மட்டும் 11! கேட் போட்டதும் பைக்கை ஆஃப் செய்வேன், சாவியைத் திருப்பிய கை அப்படியே சட்டைப் பைக்குப் போகிறது. இத்தனை வருடம் இது எனக்குத் தெரியாது. அதே வாரத்தில் மூன்று தடவை பையனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அதே கேட்டில் நின்றிருக்கிறேன், அப்போது ஒன்றுகூட இல்லை, ஆசையை அடக்கவில்லை, ஞாபகமே வரவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்தேன், கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். காபியை நாலிலிருந்து இரண்டாக்கியாயிற்று. குறுவை அறுப்பு முடிந்து நிறுத்தலாம் என்று இருக்கிறேன், அறுப்பு நேரத்தில் என்னால் முடியாது.

---

மாயவரத்துக்காரி:

அறுப்பு முடிந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல் கிடப்பீர்கள், அது முடிந்தால் சம்பா நடவு, அப்புறம் தீபாவளி. அண்ணா, டெல்டாவில் வேலை இல்லாத மாதம் எது? இப்போதே வரும் வெள்ளிக்கிழமை என்று வையுங்கள்.

---

எடைமேடை:

நானும் அதைத்தான் சொல்வேன். போர் கொட்டகைக்குத் தீப்பெட்டியே கொண்டுபோகாதீர்கள், டார்ச் போதும். கேட்டுக்கு ராத்திரி கண்ணை மூடி ஒத்திகை பாருங்கள், சாவியைத் திருப்பின கை அப்புறம் எங்கே போக வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கைக்கு ஒரு வேலை வேண்டும், சும்மா வைத்திருந்தால் சட்டைப் பைக்குத்தான் போகும்.

---

வெண்ணாற்றங்கரை:

வெள்ளிக்கிழமை நிறுத்தினேன், இன்று ஐந்தாவது நாள். இரண்டாம் நாள் கடைப் பையனிடம் காரணமில்லாமல் கத்திவிட்டேன், அப்புறம் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். போர் கொட்டகையில் இன்னும் கஷ்டம்தான், நேற்று ஒரு மணிக்குக் கரண்ட் வரும்வரை இரண்டு கம்.

கேட்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா இருக்கிறார், இத்தனை நாள் அவர் கூப்பிட்டால் தலையை ஆட்டிவிட்டுப் பத்தவைப்பேன். இன்று 20 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு கூட்ஸ், ஒரு பாசஞ்சர் போகிற வரைக்கும் மூன்று பிஞ்சு தின்றேன். மிளகாய்த்தூள் கொஞ்சம் தூக்கல், நாளைக்கு உப்பு மட்டும் போடச் சொல்ல வேண்டும்.