ஸ்டிக்கி பிட்: ‘ஒட்டும் பிட்’ வேண்டாம், ‘நீக்கவரம்பு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ், யூனிக்ஸ் கோப்பு அனுமதிச் சொற்களைத் தமிழாக்குவது பற்றி வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில் இது.

> ஓனர்ஷிப், பெர்மிஷன் இரண்டுக்கும் ‘உரிமை’ என்றே போட்டுவிடலாமே?

வேண்டாம் என்பது என் கருத்து. சிஎச்ஓன் (chown) கட்டளை கோப்பை இன்னொருவர் பெயருக்கு மாற்றுகிறது. சிஎச்மாட் (chmod) கட்டளை, யார் என்ன செய்யலாம் என்பதை மாற்றுகிறது. இரண்டுக்கும் ‘உரிமையை மாற்று’ என்று எழுதினால் படிப்பவர் எந்தக் கட்டளையைத் தட்டுவார்? முன்னதற்கு உடைமை, உடைமையாளர், பின்னதற்கு அனுமதி. படி, எழுது, இயக்கு மூன்றும் பழகிவிட்ட சொற்கள், அப்படியே இருக்கட்டும்.

> ஸ்டிக்கி பிட் – ஒட்டும் பிட்

இதை நான் முழுமையாக மறுக்கிறேன். ஸ்டிக்கி பிட் என்பது கோப்பு அல்லது அடைவின் (கோப்புகளை வைக்கும் ஃபோல்டரின்) அனுமதிகளோடு சேர்த்து இடும் ஒரு குறி. 1974-இல் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்பில் இந்த பிட் வந்தபோது அந்தப் பெயருக்குப் பொருள் இருந்தது. நிரல் ஓடி முடிந்த பிறகும் அதன் குறிமுறைப் பகுதி ஸ்வாப் எனும் வட்டுப் பகுதியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த முறை சட்டென்று தொடங்கும். இன்றைய லினக்ஸ், கோப்புகளில் இந்த பிட்டைக் கண்டுகொள்வதே இல்லை. 1986-இல் 4.3 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பு அடைவுகளுக்காக இதற்குக் கொடுத்த புது வேலைதான் இப்போது நடப்பது. அந்த வேலையில் எதுவும் எதிலும் ஒட்டுவதில்லை.

அந்த வேலை என்ன? அடைவில் எழுதவும் நுழையவும் அனுமதி உள்ள எவரும் அதிலுள்ள கோப்பை அழித்துவிடலாம். கோப்பின் சொந்த அனுமதி அங்கே கணக்கில் வராது. புதிதாகக் கற்பவர்கள் பலரும் நம்ப மறுக்கும் இடம் இது, ஆகவே செய்தே காட்டுங்கள். 777 அனுமதியுடன் (எல்லோரும் படிக்கலாம், எழுதலாம், நுழையலாம்) ஒரு பொது அடைவு, இரண்டு பயனர்கள். முதலாமவர் தன் கோப்பை 444 (எவருக்கும் படிக்க மட்டும் அனுமதி) ஆக்கிப் பூட்டிவிட்டதாக நினைக்கிறார். இரண்டாமவர் அழிக்கும் கட்டளையான ஆர்எம் கொடுக்கிறார். எழுதத் தடையுள்ள கோப்பு, நீக்கவா என்று ஒரு கேள்வி வரும். ஒய் தட்டினால் கோப்பு போயிற்று. அதே அடைவை 1777 (முன்னால் உள்ள 1தான் ஸ்டிக்கி பிட்) ஆக்கிவிட்டு இன்னொரு கோப்பில் செய்து பாருங்கள். இம்முறை அதே ஒய்க்கு ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று வரும். கோப்பின் உடைமையாளர், அடைவின் உடைமையாளர், ரூட் எனும் நிர்வாகி ஆகியோரைத் தவிர வேறு யாரும் அதை நீக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. எல்லோரும் எழுதும், தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு இந்த ஏற்பாட்டில்தான் இயங்குகிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை காட்டும் அனுமதி வரியில் கடைசி எக்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் சிறிய டீ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘அழிப்புத்தடை’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். ஒட்டும் பிட்டைவிட நூறு மடங்கு மேல். ஆனால் தடை என்றால் எவருக்கும் தடை என்றாகிறது. உடைமையாளர் தாராளமாக அழிக்கலாமே. பெயர் மாற்றத்தையும் அது சொல்லவில்லை. ‘பாதுகாப்பு பிட்’ இன்னும் ஆபத்து. கோப்பின் உள்ளடக்கமே காக்கப்படுகிறது என்று நம்பவைத்துவிடும். உள்ளடக்கத்தைக் காப்பது கோப்பின் சொந்த அனுமதிதான்.

என் முன்மொழிவு: நீக்கவரம்பு. யார் நீக்கலாம் என்பதற்கு வரம்பு கட்டுகிறது, அவ்வளவே. பெயர் மாற்றும்போதும் பழைய பெயர் அடைவிலிருந்து நீங்கத்தானே செய்கிறது, அதனால் அதுவும் இச்சொல்லுக்குள் அடங்கும். லினக்ஸில் பயன்படும் குனூ கருவிகளின் கையேடும் ‘ரெஸ்ட்ரிக்டட் டெலிஷன் ஃபிளாக்’ (வரம்பிட்ட நீக்கக் குறி) என்ற பெயரைத் தருகிறது, ஆகவே நாம் துணிந்து விலகிப் போகவும் இல்லை. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘பகிர்வு அடைவுக்கு நீக்கவரம்பு இடுங்கள், பிறகு ஒருவர் கோப்பை மற்றொருவர் நீக்க முடியாது.’ தடங்கலின்றிப் படிக்க முடிகிறது.

ஆங்கிலக் கையேட்டில் தேடுபவர் தொலைந்துபோவார் என்ற கவலை நியாயமானது. ஒவ்வொரு பக்கத்திலும் முதல் முறை ‘ஸ்டிக்கி பிட் எனப்படும் நீக்கவரம்பு’ என்று எழுதிவிட்டு, அப்புறம் நீக்கவரம்பு மட்டும் போதும்.

நிரலை அதன் உடைமையாளரின் அனுமதியோடு ஓடவைக்கும் செட்யுஐடி குறிக்கு ‘உடைமையாளராக இயக்கு’ என்பதைவிடச் சுருக்கமான பெயர்ச்சொல் தேவை. அதைத் தனி இழையில் பேசலாம், இங்கே கலக்க வேண்டாம். நீக்கவரம்புக்கு மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு ஒரு எடுத்துக்காட்டு வாக்கியமும் சேர்த்து அனுப்புங்கள்.