பழைய தோட்டப் புகைப்படங்களில் காணப்படும் தொப்பிகளை வேறுபடுத்தி அறிவது எப்படி?

கேள்வி: ஹட்டன் வாசகி

அனைவருக்கும் வணக்கம். தோட்டக் குடும்பங்கள் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய புகைப்படங்களைத் திரட்டி, எங்கள் வாசிகசாலையில் சிறியதொரு கண்காட்சி நடத்துவதற்கு ஆயத்தம் செய்து வருகிறோம். ஒவ்வொரு படத்திற்கும் கீழே இரண்டு மூன்று வரிகளில் விளக்கம் எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. பெரட்டுக் களத்தில் (காலையில் தொழிலாளர்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடத்தில்) நிற்பவர்கள், தொழிற்சாலை வாசலில் வரிசையாக அமர்ந்திருக்கும் உத்தியோகத்தர்கள், நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலில் கூடிய கூட்டம், தொழிற்சங்கக் கூட்டமொன்றின் மேடை எனப் படங்கள் பலவகைப்பட்டவை. ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் யாரேனும் ஒருவர் தலையில் தொப்பி அணிந்திருக்கிறார்.

விளிம்பு வைத்த தொப்பி எதுவானாலும் "துரைத் தொப்பி" என்று எழுதிவிடலாம் என்று உடன் பணியாற்றும் நண்பர்கள் கூறுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடினமான வெள்ளைத் தொப்பிகளே ஒன்றுக்கொன்று மாறுபட்டுத் தெரிகின்றன. மடிப்புள்ள மென்மையான தொப்பிகளை எப்படிப் பிரித்துச் சொல்வது என்பதும் விளங்கவில்லை. தொப்பியை வைத்துப் படத்தின் காலத்தைக் கணிக்க முடியுமா என்பதையும் அறிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: பண்டாரவளை வாசகர்

அன்பின் சகோதரிக்கு, "துரைத் தொப்பி" என்று எழுத வேண்டாம் என்ற உங்கள் எண்ணம் முற்றிலும் சரியானது. அந்தக் கடினமான வெயில் தொப்பியைத் துரைமார் மட்டுமன்றி, இலங்கையிலும் இந்தியாவிலும் உள்நாட்டு உத்தியோகத்தர்களும் பரவலாக அணிந்தார்கள். அணிந்திருப்பவரை வைத்துத் தொப்பிக்குப் பெயர் சூட்டினால், ஒரு கணக்கப்பிள்ளையோ, தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரோ அதே தொப்பியுடன் நிற்கும் படத்தில் அவரைத் துரை என்று பார்வையாளர்கள் எண்ணிவிடுவார்கள். ஆகவே முதலில் தொப்பி எதனால் ஆனது என்பதையும், அதன் விளிம்பு எப்படிச் செல்கிறது என்பதையும், உச்சி எந்த வடிவில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பெயர் அதன்பின் வரட்டும்.

வெயில் தொப்பியின் உடல் நெட்டியால் ஆனது. சதுப்பு நிலத்தில் வளரும் அந்தச் செடியின் வெண்மையான தண்டைச் சீவி, அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, மேலே பருத்தித் துணி போர்த்துவார்கள். உச்சியில் காற்றுப் போவதற்கு ஒரு சிறு துளையும் அதன்மேல் குமிழ் போன்ற மூடியும் இருக்கும். தக்கையால் செய்தவையும் உண்டு. அவை கனமானவை, ஆனால் உறுதியானவை. நெட்டி மிக இலேசானதாயினும் நன்றாக நனைந்தால் ஊறி வடிவம் குலைந்துவிடும் என்பதால், நம்முடைய மலைநாட்டு மழைக்கு அது அவ்வளவாகப் பொருந்தியதல்ல.

இவற்றுள் நீங்கள் பிரித்தறிய வேண்டியவை முக்கியமாக மூன்று. உச்சி உயர்ந்து, விளிம்பு முன்னும் பின்னும் கூர்மையாக நீண்டு, பக்கங்களில் ஒடுங்கியிருந்தால், அது 1877இல் பிரித்தானிய இராணுவம் வெளிநாட்டுச் சேவைக்கென ஏற்றுக்கொண்ட தலைக்கவசத்தைப் பின்பற்றியது. உச்சி சற்றுத் தாழ்ந்து, அகன்ற விளிம்பு சுற்றிலும் சரிந்து இறங்கி, பின்கழுத்தை மறைக்கும்படி நீண்டிருந்தால் அது வூல்ஸ்லி வகை. 1900ஆம் ஆண்டளவில் இராணுவத்தில் நிலைபெற்று, பின்னர் சிவில் வாழ்க்கையிலும் பரவியது. விளிம்பு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே அகலத்தில், உச்சி கிண்ணத்தைக் கவிழ்த்தது போல உருண்டையாக இருப்பதைப் "பம்பாய் பவுலர்" என்பார்கள். தொப்பியைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் துணி சுற்றப்பட்டிருப்பதை மட்டும் வைத்து வகையைத் தீர்மானித்துவிடாதீர்கள். அந்தத் துணி மூன்றிலும் வரும்.

வெயிலுக்கு அணிந்தவை எல்லாம் நெட்டித் தொப்பிகள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அகன்ற விளிம்புடைய மென்மையான ஃபெல்ட் (உரோமத்தை அழுத்திச் செய்யும் துணி) தொப்பி இரண்டை ஒன்றினுள் ஒன்றாகப் பொருத்தியது போன்ற தடிப்புடன் "டெராய்" என்றொரு தொப்பி இருந்தது. இமயமலை அடிவாரப் பகுதியின் பெயரைக் கொண்ட அது, காலனி நாடுகளின் தோட்டக்காரர்களிடையே விரும்பி அணியப்பட்டது. ஒரு பக்க விளிம்பை மேலே தூக்கிப் பிணைத்திருந்தால் அது அவுஸ்திரேலியப் படையினரிடம் காணப்படும் "ஸ்லவுச்" வகையாக இருக்கலாம். அப்போது சீருடையையும் சேர்த்துப் பாருங்கள்.

பதில் 2: கண்டி வாசகர்

குதிரைப் பந்தயப் படத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். அத்தகைய கூட்டத்தில் கிட்டத்தட்ட எல்லா வகைத் தொப்பிகளும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பதால், உங்கள் கண்காட்சியில் மிகுந்த கவனத்துடன் விளக்கம் எழுதப்பட வேண்டிய படம் அதுவே என்பது என் கருத்து.

உருண்டையான உச்சியில் ஒரு மடிப்பும் இல்லாமல், கடினமான ஃபெல்டில், சிறிய விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் அது பவுலர். 1849இல் எட்வர்ட் கோக் என்பவர் தம் குடும்பப் பண்ணையின் வேட்டைக் காவலர்களுக்காக இலண்டனில் செய்வித்த தொப்பி அது; மரக்கிளைகள் தட்டி விழாமல் தலையோடு ஒட்டி இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். உச்சியின் நடுவே நீளவாக்கில் ஒரே ஒரு பள்ளம் மட்டும் இருந்து, முன்புறம் கிள்ளிய அடையாளம் இல்லாமல், விளிம்பு கடினமாகச் சுற்றிலும் சுருண்டு நாடாவால் கரை கட்டப்பட்டிருந்தால் அது ஹொம்பர்க். ஜெர்மனியின் ஹொம்பர்க் நகரிலிருந்து அதைக் கொண்டுவந்து பிரபலமாக்கியவர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர்.

பலரும் தடுமாறுவது ஃபெடோராவிலும் ட்ரில்பியிலும்தான். இரண்டுமே மென்மையான ஃபெல்ட். இரண்டிலும் உச்சியில் பள்ளமும், முன்புறம் இரு பக்கமும் விரலால் கிள்ளியது போன்ற குழிவும் உண்டு. வேறுபாடு விளிம்பில் இருக்கிறது. ஃபெடோராவின் விளிம்பு அகலமானது, பொதுவாக 6 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டது. வேண்டியவாறு மடக்கியும் நிமிர்த்தியும் அணியலாம். ட்ரில்பியின் விளிம்பு குறுகியது. முன்னே தாழ்ந்து, பின்னே சட்டென்று மேலே திரும்பியிருக்கும். படத்தில் அளவெடுக்க முடியாதாகையால் காதைக் கவனியுங்கள்: விளிம்பின் நிழல் காதையும் கன்னத்தையும் தாண்டி விழுந்தால் பெரும்பாலும் ஃபெடோராவே.

வைக்கோல் நிறத் தொப்பிகளில், உச்சியும் விளிம்பும் பலகை போல் தட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பது போட்டர். வளைந்து கொடுக்கும் மெல்லிய பின்னலாக இருப்பது பனாமா. அது எக்குவடோர் நாட்டில் டொக்கியா என்னும் செடியின் இலைநாரால் பின்னப்படுவது. அந்தப் பின்னற்கலையை யுனெஸ்கோ 2012இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பெண்கள் மணியைப் போன்ற வடிவில் புருவம் வரை இறக்கி அணிந்திருப்பது க்ளோஷ். அது 1920களின் பெருவழக்கு என்பதால் உங்கள் காலக் கணிப்புக்கு அதைப் போலத் துணைசெய்யும் தொப்பி வேறில்லை.

பதில் 3: மஸ்கெலியா வாசகர்

நண்பர்கள் இருவரும் எழுதியவை பயனுள்ளவை. ஆயினும் பெரட்டுக் களப் படத்தில் நம்மவர்களின் தலையில் இருப்பவற்றையும் அதே கவனத்துடன் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தொப்பிகளுக்கு மூன்று வரியும், மற்றவர்களுக்குத் "தலையில் துணி கட்டிய தொழிலாளர்கள்" என்று ஒரு வரியும் எழுதினால் அது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தரும்.

நீண்ட துணியைப் பல சுற்றாகச் சுற்றி உச்சியையும் மூடியிருந்தால் அது தலைப்பாகை. கோட்டுடன் சேர்ந்து அது கங்காணியின் மதிப்புக்குரிய தோற்றமாக இருந்தது. குறுகிய துண்டை முறுக்கித் தலையைச் சுற்றிக் கட்டி, உச்சி திறந்திருந்தால் அது முண்டாசு. கொழுந்து பறிக்கும் பெண்களின் முக்காட்டுத் துணி வெயிலுக்கு மறைப்பாகவும், கூடைக் கயிறு தலையில் அழுத்தாமல் தாங்குவதாகவும் இருப்பது. மழைக் காலத்தில் அதன்மேல் மடித்துப் போட்ட கம்பளியைக் காணலாம்.

மேடைப் படத்தில் முன்னும் பின்னும் கூர்மையாக, மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கத்தக்க வெள்ளைத் தொப்பி இருந்தால் அது காந்தித் தொப்பி. 1927இல் காந்தியடிகளும் 1939இல் நேருவும் இலங்கைக்கு வந்தார்கள். அந்த 1939ஆம் ஆண்டிலேயே இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. அதே மேடையில் விளிம்பில்லாத, மேலே ஒடுங்கிய சிவப்புத் தொப்பியில் குஞ்சம் தொங்கினால் அது துருக்கித் தொப்பி. 1905இல் சட்டத்தரணி அப்துல் காதர் அதை அணிந்து வழக்காட உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்ததும், முஸ்லிம்கள் அதனை எதிர்த்துக் குரலெழுப்பியதும் இந்நாட்டு வரலாறு. குஞ்சமில்லாத, நீள்வட்ட வடிவான கறுப்பு வெல்வெட் தொப்பியோ மலாய் மக்களின் சொங்கொக். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாதாகையால் குஞ்சத்தையும் வடிவத்தையுமே நம்ப வேண்டும்.

மறுமொழி: ஹட்டன் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மஸ்கெலியா அண்ணன் கூறியபடியே பெரட்டுக் களப் படத்திற்கான விளக்கத்தைத் திருத்தி எழுதுகிறேன். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியுள்ளது. தொழிற்சாலைப் படத்தில் ஒருவர் ஃபெடோரா அணிந்திருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அதன் நாடா முடிச்சு அவருடைய வலப்பக்கத்தில் இருக்கிறது. அது பெண்களுக்கான தொப்பியாக இருக்குமோ?

பதில் 4: கண்டி வாசகர்

நல்ல கவனிப்பு, சகோதரி. ஆண்களின் தொப்பியில் முடிச்சு இடப்பக்கம் வருவதே வழக்கம். ஆனால் தொப்பியைச் சந்தேகிக்கும் முன் அவருடைய கோட்டைப் பாருங்கள். ஆண்களின் கோட்டில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வந்து பொத்தான் பூட்டப்படும். அதுவும் மாறியிருந்தால், எதிர்ப்படத்தை (நெகட்டிவை) திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்; பின்னணியில் பெயர்ப்பலகை ஏதேனும் இருந்தால் எழுத்துகள் அதை உறுதிப்படுத்தும். அப்படியானால் "இடமிருந்து வலமாக" என்று பெயர்களை எழுதும் முன், குடும்பத்தினரிடம் கேட்டு வரிசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காலக் கணிப்பைப் பொறுத்தவரை, ஒரு தொப்பி எப்போது வழக்கிற்கு வந்தது என்பதிலிருந்து "இந்த ஆண்டுக்கு முற்பட்டதல்ல" என்று மட்டுமே கூற முடியும். நல்ல ஃபெல்ட் தொப்பியை ஒருவர் பல ஆண்டுகள் அணிவார்; அவருக்குப் பின் மகனும் அணிவார். விளக்கத்தில் "1920களில் அல்லது அதற்குப் பின்" என்று எழுதுவதே பொருத்தமாக இருக்கும்.