ரோமானியச் சாப்பாட்டறை மாதிரி: அளவு எப்படி?

ஹட்டன்வாசி: பாடசாலைக் கண்காட்சிக்கு ரோமானிய வீட்டுச் சாப்பாட்டறை மாதிரி செய்கிறோம். நீளம் 40 சென்ரிமீற்றர். அகலம், உயரம், கட்டில்கள் எப்படி?

பதுளை மேசன்: பண்டைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கணக்கில் நீளம் அகலத்தின் இருமடங்கு, உயரம் இரண்டையும் கூட்டியதில் பாதி. ஆகவே அகலம் 20, உயரம் 30. மூன்று கட்டில்களை 'ப' வடிவில் சுவரோரம் போடுங்கள். கட்டிலுக்கு மூவர், மொத்தம் 9 பேர், இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்தபடி. திறந்த பக்கத்தால்தான் பரிமாறுவார்கள், அதை அடைத்துவிடாதீர்கள். மொசைக் படம் நடுவிலும் வாசல் பக்கமும் போதும். கட்டிலுக்கடியில் யார் பார்க்கப் போகிறார்கள்?

நானுஓயா: சுவரில் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே நிறம் தீட்டுங்கள், காய்ந்தால் உரியும். நம்ம குளிருக்கு மாரிகால அறைதான் பொருத்தம்: தென்மேற்கு நோக்கியது. நெருப்பும் விளக்கும் கரி பிடிக்க வைக்கும். அதனால் நுணுக்க ஓவியம் வேண்டாம், மினுக்கிய கறுப்புப் பலகங்களே போதும் என்கிறார் அதே விட்ருவியஸ்.

ஹட்டன்வாசி: கறுப்பே அடிக்கிறோம்!